கொல்க்மன் தூக்காத கொடி

ஹார்மன் கொல்க்மன் பொய் சொல்ல மாட்டார். ஊரில் இதைப் பெருமையாக யாரும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரி முடியை வெட்டிக்கொண்டு வந்து எப்படி என்று கேட்டாள். நின்று நிதானமாகப் பார்த்துப் பதில் சொன்னார். அவள் இன்னும் முகம் கொடுப்பதில்லை.

டிராக்டர் பழுதுபார்க்கும் இந்த மனிதரைத்தான், வேறு ஆள் அகப்படாமல், ஊர்க் கால்பந்து அணிக்குக் கொடி பிடிக்க நிறுத்தினார்கள். கோட்டோரம் அந்தந்த அணி தன் ஆளையே நிறுத்துவது வழக்கம். தன் கோலுக்கு ஆபத்து வந்தால் அவன், ஆஃப்சைடு, கோல் செல்லாது என்று கொடியைத் தூக்கிவிடுவான். நடுவரும் பாதிதான் நம்புவார். ஹார்மனை மட்டும் முழுதாக நம்பினார்கள்.

அந்த ஞாயிறு, தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கடைசி நேரத்தில் எதிரணி கோல் போட்டது. கோல் காத்த யூரே, ஹார்மனின் ஒரே மகன், “ஆஃப்சைடு!” என்று கையைத் தூக்கிக் கத்தினான். மைதானமே ஹார்மனைப் பார்த்தது. கொடி அசையவில்லை; கோல் செல்லுபடியானது.

யூரே ஓடிவந்து சேற்றுக் கையுறையோடு அப்பாவின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவர் ஈரப் புல்லில் உட்கார்ந்தார். இரண்டு அணிக்காரர்களும் சட்டையைப் பிடித்தார்கள், வேலியோரம் ஒரு சைக்கிள் விழுந்தது, முடிந்துவிட்டது. அந்த ஊர்ப் பேச்சில் இதற்கு ‘ஓப்ஸ்டோட்யே’, சின்னத் தள்ளுமுள்ளு, என்று பெயர். சண்டை என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

ஆனால் கொடிக்காரரைத் தள்ளியவனுக்கு ஒரு வருடம் ஆட்டம் கிடையாது. யூரேவுக்கோ ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு வாழ்க்கை கிடையாது. நடுவர் தன் அறையில் காபியோடு ஹார்மனை உட்காரவைத்தார். வாசலில் யூரே வெளிறிப்போய் நின்றான்.

“நான் திரும்பிப் பாக்கறப்ப நீங்க கீழ கிடந்தீங்க. யார் தள்ளினது?”

ஹார்மனின் காது சிவந்தது. “வழுக்கிட்டேன்.”

“நெஞ்சுல கையுறைத் தடம் இருக்கே?”

“பழைய கறை.”

நடுவர் அந்தச் சேற்றுத் தடத்தை வெகுநேரம் பார்த்தார். ஐந்து விரலும் அழகாகப் பதிந்திருந்தன. “நீங்க சொன்னா சரிதான்” என்று எழுதிக்கொண்டார்.

கார் அருகே யூரே வெடித்தான். “ஏம்ப்பா, உனக்குப் பொய் சொல்ல வருமா?”

“இன்னைக்குத்தான் வந்துச்சு.”

“அரை மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? கொடியத் தூக்கினாப் போதும், வாயக்கூடத் திறக்க வேணாம்!”

“அது ஆட்டம்டா. நீ என் புள்ள.”

யூரே அப்பாவுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

“ஏறுப்பா. அந்தச் சட்டையக் கழட்டிப் பின்னாடி போடு. அம்மா கேப்பா.”

ஹார்மன் அவசரமாகக் கழற்றினார். அவள் கேட்டால் இன்னொரு பொய் வராது என்று இருவருக்குமே தெரியும்.