ஆணியில் தொங்கிய பெல்ட்

லபாசா கரும்பாலைக்குப் போகிற வழியில், ஈரப்பலா மரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் அபோரோசாவைத் தெரியாத டாக்ஸிக்காரன் அந்தப் பக்கத்தில் கிடையாது. கைராசிக்கார மெக்கானிக். ஆனால் மனுஷனுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, கழற்றின பழசு எதையும் எறிய மனசு வராது. இன்ஜினுக்குள் ஓடுகிற பல்வைத்த ரப்பர் பட்டை, டைமிங் பெல்ட், அது தேய்ந்துபோனால்கூட சோப்புத் தண்ணீரில் கழுவி, புதுசு மாதிரி துடைத்து, சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவார். பன்றிப்பட்டிக் கதவைக் கட்ட ஆகுமாம்.

அவருக்கு ஓர் அக்கா, ஒரு தங்கை, ஆளுக்கொரு மகன். சகோதரி மகனை அந்த ஊரில் ‘வாசு’ என்பார்கள், அது பெயரல்ல, உறவுமுறை. வாசு மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டியதில்லை. பன்றிக்குட்டியையே தூக்கிக்கொண்டு போனாலும் மாமன்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னடா எடுத்தாய் என்று கேட்டுவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அபோரோசா ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல மாமன் என்று ஊரில் பெயர்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அக்கா மகன் மனாசா டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்சீட்டில் அக்கா தொரிகா, மடிகொள்ளாத பாய்ச்சுருட்டோடு. காலடியில் சேப்பங்கிழங்கு மூட்டை. மலைக்கு அந்தப் பக்கம் சவுசவு என்கிற ஊரில் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பேரனைப் பார்க்கப் புறப்பட்டாயிற்று. தங்கை கெலெராவும் வருவதாக இருந்தது. அவள்தான் போன மாதம் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து, முறிந்த கையோடு வீட்டில் கிடக்கிறாளே.

வண்டி முதல் சாவிக்குக் கிளம்ப மாட்டேனென்கிறது, மேட்டில் திணறுகிறது, முன்னால் ஏதோ டிக்டிக்கென்று தட்டுகிறது, ஒரு பார்வை பாருங்கள் என்றான் மனாசா. அக்கா இறங்குவதாக இல்லை.

“ஒரு பார்வைன்னுட்டு என்னைப் பொழுது சாயுற வரைக்கும் உக்கார வெச்சிடாத தம்பி. உன் வேலை எனக்குத் தெரியும்.”

அபோரோசா சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தார். காது கொடுத்துக் கேட்டார். சத்தம் பெல்ட் மூடிக்குள்ளிருந்து வந்தது. வண்டியை அணைக்கச் சொல்லி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தார். விளிம்பு நார்நாராய்ப் பிரிந்து மூடியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஓரிடத்தில் பல்லே இல்லை, மொட்டை. ஒரு பல் தாண்டியும் விட்டது. பெல்ட் ஓடும் பல்சக்கரத்துக் குறியும் இன்ஜின் குறியும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றினார். பெல்ட்டின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் மூன்று கோடு மேலே ஏறி வந்தது.

டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தார். பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அடையாளத்துக்கு மூன்று கோடு போடுவது அவர் பழக்கம். மற்றவர்களெல்லாம் ஒற்றைக் கோட்டோடு சரி. இனி ஓடாது என்று அவர் கையாலேயே கழற்றிய பெல்ட் அது.

“இது ஏதுடா?”

“உங்க ஆணியில இருந்ததுதான் மாமா. புதுசுன்னு எடுத்தேன். நீங்களும் அங்கதான் இருந்தீங்க, ரோட்டப் பாத்துக்கிட்டு. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு ஸ்டாண்டுல ஒருத்தன்கிட்ட மாட்டிக்கிட்டேன்.”

பொய்யில்லை. அன்று முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டதும் நல்ல மாமனாக முகத்தைத் திருப்பிக்கொண்டது அவருக்கு நினைவிருந்தது. இது மலையிறக்கத்தில் அறுந்தால் இன்ஜின் அங்கேயே செத்துப்போகும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகும். இதோ, அக்கா பாய்ச்சுருட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அக்கா, இறங்கு.”

அந்தக் குரலில் என்ன கேட்டதோ, அவள் மறுபேச்சில்லாமல் இறங்கினாள்.

அவர் வேனுக்கும் அதே இன்ஜின்தான், அதற்கென்று பெட்டி பிரிக்காமல் வைத்திருந்த புதுப் பெல்ட்டை எடுத்துவந்தார். பழையதைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கும் உருளையைச் சுழற்றிப் பார்த்தார், கரகரப்பில்லை. குறிகளை நேராக்கி, பெல்ட்டை மாட்டி, இறுக்கி, கையாலேயே இரண்டு சுற்று சுற்றினார். குறிகள் திரும்பவும் நேருக்கு நேர் வந்து நின்றன. மூடியைப் பூட்டிச் சாவி போட்டதும் வண்டி முதல் திருப்பிலேயே பிடித்தது, டிக்டிக் இல்லை.

பழக்கதோஷம், கழற்றிய பெல்ட்டை மாட்ட ஆணிக்குப் போனார். ஆணி வெறுமையாக இருந்தது. அங்கே அவர் மாட்டியிருந்தது இரண்டு.

“ரெண்டையும் நீயா எடுத்த?”

“ஒண்ணுதான் மாமா. இன்னொண்ணு அங்கயே கெடந்துச்சு.”

தங்கை மகன் செமி வைத்திருப்பதும் இதே வண்டி. அபோரோசா போனை எடுத்தார். அவர் கேட்கப் போவது என்னவென்று புரிந்ததும் அக்காவும் மனாசாவும் கூச்சத்தில் தரையைப் பார்த்தார்கள்.

“செமி, என் ஆணியில இருந்து பெல்ட் எடுத்தியா?”



“எடுத்தேன் மாமா. அது போன மாசமே போச்சு. மலையிறக்கத்துல அறுந்து, வண்டி மண்மேட்டுல மோதிருச்சு. அம்மா கை அதுலதான் முறிஞ்சுது.”

“துவைக்கிற கல்லுன்னீங்களேடா.”

“அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க. மாமன்கிட்ட எடுத்ததக் குத்தம் சொல்லலாமா?”

கை முறிந்த அன்றே கோழியும் கிழங்குமாகப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பாசி வழுக்கிடுச்சு அண்ணா என்று, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள் கெலெரா. இனிமேலாவது பார்த்து நட என்று புத்தி வேறு சொல்லிவிட்டு வந்தார்.

போனை வைத்தார். பிறகு கரும்புக் கத்தியை எடுத்து அந்தப் பெல்ட்டைத் துண்டு துண்டாக நறுக்கினார். சுத்தியலால் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேன் சாவியை எடுத்தார். எங்கே தம்பி கிளம்பிவிட்டாய் என்று அக்கா கேட்டாள்.

“கெலெரா கையைப் பாக்கணும்” என்றார்.