மூன்று விரல் உயரம்

ரய்யா வண்டியைச் சமதரையில் நிறுத்தி இந்தக் கோடைவரை நான் பார்த்ததில்லை. கூடாரத்துக்குப் பின்னால் எவ்வளவோ இடம் கிடக்கும். அவள் மணல்மேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டுபோய், வலப்பக்கக் கதவு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துவாள். இறங்கிச் சக்கரத்தைக் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, எங்கள் பெண்கள் அணியும் முகமூடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விடுவாள். கேட்டால், "அங்கதான் காத்து அடிக்கும், எஞ்சின் சீக்கிரம் ஆறும்" என்பாள். காற்று திசை மாறிய மாதங்களிலும் வண்டி அங்கேதான் நிற்கும்.

அவள் என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் முசல்லமின் மனைவி. எங்கள் பாலைவனத்து மணலில் பெண்கள் வண்டி ஓட்டுவதை யாரும் பேச்சாக எடுப்பதில்லை. ரய்யா ஓட்டுவதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். செங்குத்தான மேட்டில் ஏறும்போதுகூட வாயில் பேரீச்சங்கொட்டையை ஒதுக்கிக்கொண்டு, கொட்டாவி விடுகிற முகத்தோடு ஓட்டுவாள். நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பழைய பிக்கப்புக்கு அவளுடைய மூத்த மகனைவிட வயது அதிகம். வண்டி முனகும்போது அவள் அதட்டுவது வண்டியைத்தான். "சும்மா நடிக்காதே. இதைவிடப் பெரிய மேட்டை நீ பார்த்திருக்கே."

பல வருடங்களுக்கு முன்பு, பின்தட்டில் ஒட்டகத்தை மண்டியிடவைத்துக் கட்டும்போது அது திமிறியதில் முசல்லம் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. கால் மட்டும் ஓர் அளவுக்கு மேல் தூக்க வராது. அதனால் வண்டியில் ஏறுவதற்கு அவர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். முதுகைத் திருப்பி நின்று, இருக்கையின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி, ஓர் உந்து உந்தி உட்காருவார். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வார். "ஹும், போ" என்பார். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தொடக் கூடாது. ரய்யா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். அவளுக்கு அப்போதுதான் கண்ணாடியில் ஏதாவது தூசி தெரியும்.

மேட்டில் நின்று ஏறினால் இருக்கை தாழ்வாக இருக்கும். காற்று, எஞ்சின் சூடு எல்லாம் எதற்காகச் சொல்லப்பட்டவை என்று எனக்கு விளங்கவே வெகு நாளாயிற்று. விளங்கிய பிறகும் நான் கேட்கவில்லை.

கோடை வந்தால் நாங்கள் மணலைவிட்டுப் பேரீச்சைத் தோட்டங்களுக்குப் போவோம். வழியில் ஒரு வாதி, மழைக்கு மட்டும் நீரோடும் வறண்ட ஆறு. போன வருடத்துக்கு முந்தைய மழையில் வெள்ளம் வந்து அதன் கடவையில் பெரிய கற்களைக் கொண்டுவந்து போட்டிருந்தது. போன கோடையில் ஆடுகளும் பாத்திரங்களும் பாய்களுமாகப் பாரம் ஏற்றிக்கொண்டு போனபோது, ரய்யாவின் வண்டி வயிற்றுப்பக்கம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் இறங்கினோம். முசல்லமும் இறங்கினார். வண்டியை நகர்த்திய பிறகு அது கல்லும் பள்ளமுமான இடத்தில் ஒருச்சாய்ந்து நின்றது. வலப்பக்கக் கதவு ஆகாயத்தைப் பார்த்தது. அவர் இரண்டு முறை உந்திப் பார்த்தார். மூன்றாவது முறைக்குள் என் மகன் ஷினூன் பின்னாலிருந்து ஓடிவந்து, இன்னொருவனோடு சேர்ந்து அவரை மாவு மூட்டைபோலத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். "அவ்வளவுதான் பெரியப்பா!" என்று சிரித்தான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. பெரியப்பா தோட்டம் போய்ச் சேரும்வரை வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

இந்த வருடம் பேரீச்சங்காய் மஞ்சளாகத் தொடங்கியதுமே அவர் சொல்லிவிட்டார்.

"நான் வரலை. ஒட்டகத்தை யார் பார்ப்பா?"

"அதுக்குத்தான் ஆள் வெச்சிருக்கே" என்றாள் ரய்யா.

"அந்த ஆளை யார் பார்ப்பா?"

கோடை முழுவதும் மணலில் தனியாக இருப்பது ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியமல்ல என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வண்டியை உயர்த்த வேண்டும் என்று ஷினூன் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடையது ஒரு சாணுக்குமேல் உயர்த்தியது. சக்கரங்கள் அவன் மார்பளவு.

"பெரியம்மா, உன் வண்டி பல்லி மாதிரி வயித்தால ஊருது. என்னுது மாதிரி தூக்கிடு."

"உன்னுதுல ஏறணும்னா முதல்ல ஒட்டகத்து மேல ஏறி நிக்கணும். உன் பொண்டாட்டி எப்படி ஏறுறா?"

"அவளை நான் தூக்கி வைப்பேன்."

"அதான் வேண்டாம்கிறேன்" என்றாள் ரய்யா.

அந்த வாரத்திலிருந்து அவளுடைய பழக்கம் மாறியது. வண்டி மேட்டைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. முசல்லம் ஏறினார். பிறகு சமதரைக்கு வந்தது. ஏறினார். அதற்குப் பிறகு, வலப்பக்கம் சின்னப் பள்ளமாகப் பார்த்து நிறுத்தினாள். அவர் சற்று மூச்சு வாங்கி, ஏறிவிட்டார். பள்ளம் இன்னும் ஆழமான ஒரு நாள் அவரால் முடியவில்லை. "இங்க இருந்த மணலைக் காத்து தின்னுடுச்சா?" என்று கேட்டார். "முட்டாள்தனமா நிறுத்திட்டேன்" என்று அவள் வண்டியை முன்னால் எடுத்தாள். அன்று சாயங்காலம் அவள் முந்தின நாள் அவர் ஏறிவிட்ட பள்ளத்திலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, தரையிலிருந்து இருக்கை விளிம்புவரை ஒரு பேரீச்ச மட்டையை வைத்து, மிச்சத்தை ஒடித்துப் போட்டாள். நான் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் ஊரிலுள்ள வண்டிப் பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனாள். ஊருக்குப் போவதென்றால் எங்களுக்கு வண்டியும் கல்யாணத்துக்குப் போவதுபோலத்தான் போக வேண்டும். பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, பின்தட்டைக் கழுவிவிட்டுத்தான் கிளம்பினாள்.

பட்டறைக்காரர் குல் ஜமான், பெஷாவர்ப் பக்கத்துக்காரர். மட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாரும் போன்ல படம் கொண்டு வர்றாங்க. நீ குச்சி கொண்டு வந்திருக்கே அக்கா."

பட்டறையின் சமதரையில் குச்சி இருக்கையைவிட மூன்று விரல் அளவு நீட்டிக்கொண்டு நின்றது.

"இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு நூல் கூடாது."

"நல்லதாப் போச்சு. இதுக்கு மேல போனா ஷாஃப்ட் கோணிக்கும், ஸ்டியரிங் கையில நடுங்கும். கட்டை வெச்சுத் தூக்குறது சுலபம். ஆனா மணல்ல முறுக்கினா கட்டை நகரும். உன் ஸ்பிரிங் பட்டையெல்லாம் தளர்ந்து கிடக்கு. புதுசா மாத்திடறேன். பாரம் ஏத்தினா பழைய மாதிரி குனியாது. கல்லுக்கு அது போதும்." பிறகு, முசல்லமின் காலைப் பற்றி அறிந்தவர், கதவுக்குக் கீழே பார்த்தார். "பெரியவர் ஏறத்தானே? ஒரு படி வெச்சுத் தர்றேனே."

"கல்லு முதல்ல அந்தப் படியைத்தான் பிடிக்கும்." குச்சியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அதோட, படின்னா அவருக்குத் தெரிஞ்சிடும்."

வேலை முடிந்து கிளம்பும்போது குல் ஜமான் கத்திச் சொன்னார். "வெறும் வண்டி ரெண்டு விரல் கூட நிக்கும். தொட்டி நிறைஞ்சாத்தான் குச்சி அளவுக்கு இறங்கும், மறந்துடாதே!" எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கையை ஆட்டினாள். எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் முசல்லம் பக்கத்துக் கூடாரத்துக்குக் காவாக் காப்பி குடிக்கப் போக வண்டிக்கு வந்தார். தொட்டி காலியாகவே இருந்தது. உள்ளங்கையை ஊன்றினார், உந்தினார். இருக்கை அவருக்கு மேலே இருந்தது. மறுபடி உந்தவில்லை. கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, "இன்னைக்கு நடந்து போகணும்போல இருக்கு" என்று சொல்லிக் கோலை ஊன்றிப் போய்விட்டார்.

ரய்யா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குல் ஜமான் சொன்னதைச் சொன்னேன். அவள் தன்னையே ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு, கிணற்றுக்குப் போய்த் தொட்டியை நிறைத்துக்கொண்டு வந்தாள். குச்சியை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஆனால் முசல்லம் அதன் பிறகு வண்டிப் பக்கமே வரவில்லை. எங்கே போனாலும் நடந்தார்.

கிளம்பும் நாள் வந்தது. தொட்டி, பாய், பாத்திரம், ஆடுகள் எல்லாம் ஏறின. நான் பின்னால் ஆடுகளோடு உட்கார்ந்தேன். முசல்லம் வழியனுப்புகிறவரைப்போலக் கோலைப் பிடித்து நின்றார். ரய்யா வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவந்து நிறுத்தி, காவாக் கொதிகெண்டியைப் பக்கத்து இருக்கையின் காலடியில் வைத்தாள்.

"இதைக் கவிழாம பிடிக்க ஒரு ஆள் வேணும். வாதி வரைக்கும் வா. அங்கிருந்து ஷினூன் அவன் வண்டில உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவான்."

"அவன் வண்டிலயா? அதுல ஏற நான் என்ன குரங்கா?"

"அப்ப கெண்டி கவிழட்டும்."

அவர் கெண்டியைப் பார்த்தார். பிறகு முதுகைத் திருப்பினார். ரய்யாவுக்குக் கண்ணாடியில் தூசி தெரிந்தது.

"ஹும், போ" என்ற குரல் கேட்டது.

வாதியில் வண்டி ஆடி ஆடி இறங்கியது. அந்தக் கல்லுக்கு மேலே போகும்போது ஆடுகள்கூடக் கத்தவில்லை. அடியில் ஒரு உரசல் இல்லை. கரைக்கு ஏறுவதற்கு முன், "நிறுத்து" என்றார் முசல்லம். இறங்கினார். நடந்துபோய் அந்தக் கல்லைக் கோலால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பின்னால் வந்த ஷினூன் தன் உயரத்திலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"பெரியப்பா, பிடிக்கட்டுமா?"

"நீ போய் உன் கோபுரத்துல ஏறு."

ஷினூன் நின்ற இடத்திலேயே நின்றான். அவர் முதுகைத் திருப்பி, கையை ஊன்றி, ஓர் உந்து உந்தி உட்கார்ந்தார். கால்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டார். கெண்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் அவரைத் திருப்பிக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது ரய்யாவின் வண்டி சமதரையில்தான் நிற்கிறது. பின்னால் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு குவளை மொள்ளக்கூட அவள் யாரையும் விடுவதில்லை.