கோலியின் வலது தோள்

குருநகர் நீலவலை விளையாட்டுக் கழகம் உதைபந்து விளையாடும் இடமெல்லாம் றெஜினா இருப்பாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் அவளுடைய இடம். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது அவளும் நடந்து மற்றப் பக்கம் போய்விடுவாள். அவளுடைய சத்தத்துக்கு ஒருமுறை மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, "அக்கா, விசில் ஊதுறது நான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கிழமை நாட்களில் அவள் மீன் விற்பவள். காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியை ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு நீர்வேலிக்குப் போவாள். பதினெட்டு வருடமாக அதே ஒழுங்கைகள்தான். முன்னர் பஸ்ஸில் போனவள், ஸ்கூட்டி வாங்கியது ஐந்து வருடத்துக்கு முன். செவ்வாயும் வெள்ளியும் அங்கே மீன் மச்சம் சமைக்க மாட்டார்கள் என்பதால் அந்த இரண்டு நாளும் வீட்டில் நிற்பாள்.

அந்த வருடம் கிண்ணப் போட்டியின் கால் இறுதிக்குக் குலுக்கல் போட்டபோது, நீலவலைக்கு எதிராக வந்தது நீர்வேலி மண்மகள் கழகம். மண்மகள் இரண்டாம் பிரிவு அணி. கால் இறுதிவரை அவர்கள் வந்ததையே குருநகரில் பலர் பேப்பரில் பார்த்துத்தான் அறிந்தார்கள்.

"தோட்டக்காரப் பெடியள். ஆறு கோல்" என்றான் பிரகாஸ். நீலவலையின் தலைவன் அவன். றெஜினாவின் அக்கா மகன்.

"ஆறோ ஏழோ, முதல்லை ஒண்டை அடி" என்றாள் றெஜினா. ஆனால் அவளும் நாலு கோலாவது விழும் என்றுதான் நினைத்திருந்தாள்.

நீர்வேலியில் கதை வேறாக இருந்தது. சந்தியில் மண்மகளை வாழ்த்திப் பெரிய பனர் கட்டியிருந்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் மீனைப் பார்க்காமல் அவளைத்தான் பார்த்தார்கள். "என்ன றெஜினா, சனிக்கிழமை அழுதுகொண்டு போகப்போறீரோ?" என்று கேட்டவர்களுக்கு, "நான் அழுதா உங்களுக்கு ஆர் மீன் கொண்டாறது?" என்று பதில் சொல்லிச் சூடை மீனை நிறுத்துக் கொடுத்தாள். போட்டிக்கு இரண்டு பஸ் பிடித்திருக்கிறார்களாம்.

புதன்கிழமை பாலேஸ்வரி வீட்டுப் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பாலேஸ்வரியின் மகன் கஜானன்தான் மண்மகளின் கோலி, கோல் காப்பவன். இருபத்திரண்டு வயது, தகப்பனோடு வாழைத்தோட்டம் செய்கிறவன்.

"ஒட்டி மீன் இருக்கே? காரம் போடாமல் சமைக்கவேணும்" என்றாள் பாலேஸ்வரி.

"ஆருக்கு அக்கா சுகமில்லை?"

பாலேஸ்வரி ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தாள். "கஜானன். திங்கக்கிழமை வாழைக்குலை ஏத்தேக்குள்ளை வழுக்கி விழுந்திட்டான். வலது தோள். மருந்துப் புக்கை கட்டியிருக்கு, கை மேலை எழும்பேல்லை. வேறை கோலியும் இல்லை, கட்டாயம் விளையாடுவன் எண்டு நிக்கிறான்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. "றெஜினா, உந்தக் கதையை ஆருக்கும் சொல்லிப்போடாதேயும்."

"எனக்கேன் உந்தக் கதை" என்றாள் றெஜினா. நல்ல ஒட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழி முழுக்க அந்தத் தோள்தான் மனதில் நின்றது. எந்தப் பக்கம் அடித்தால் பந்து உள்ளே போகும் என்று முழு யாழ்ப்பாணத்திலும் அவளுக்குத்தான் தெரியும். அன்று பின்னேரம் பிரகாஸ் நேரே வந்து கேட்டான்.

"சின்னம்மா, அவையளின்ரை கோலி என்ன மாதிரி? நீங்கள் அங்கை போறனீங்கள்தானே."

"நான் மீன் விக்கப் போறனான். வேவு பார்க்க இல்லை."

"ஒண்டும் கேள்விப்படேல்லையோ?"

"ஆறு கோல் எண்டாய், பிறகேன் கேக்கிறாய்?"

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை கோவிலில் அந்தோனியாரிடம் வெற்றியை மட்டும் கேட்டாள். தோளைப் பற்றி அவரிடமும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. ஆறு கோல் அடிக்க வந்தவர்களுக்கு ஒரு கோல்கூட வரவில்லை. தோட்டக்காரப் பெடியள் நாலு பேர் வரிசையாக நின்று வழிமறித்தார்கள். அதையும் தாண்டிப் போன பந்தெல்லாம் கஜானனின் இடப்பக்கமாகவே போனது. அவன் ஒவ்வொன்றையும் விழுந்து பிடித்தான். பின்னால் நின்ற றெஜினாவுக்கு 'வலப்பக்கம்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு, "அடியடா! அடி!" என்று இரண்டு கையையும் வீசி வீசிக் கத்தினாள்.

முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரகாஸ் தூரத்திலிருந்து ஓங்கி ஒன்று அடித்தான். பந்து கஜானனின் வலப்பக்க மேல் மூலைக்குப் போனது. அவன் பாய்ந்தான், கை பாதியில் நின்றுவிட்டது. றெஜினா துள்ளிக் குதித்தாள். குதித்தபடியே பார்த்தபோது அவன் தோளைப் பொத்திக்கொண்டு புல்லில் கிடந்தான். அதன்பிறகு விசில் ஊதும்வரை அவள் சத்தம் போடவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்று நீலவலை வென்றது.

திங்கட்கிழமை பாலேஸ்வரியின் படலை பூட்டியிருந்தது. ஸ்கூட்டியின் ஹோர்ன் அடித்தும் யாரும் வரவில்லை. புதன்கிழமை பாலேஸ்வரி தானே வெளியே வந்தாள்.

"நீர் சொல்லிப்போட்டீர், என்ன?"

"இல்லை அக்கா."

"நான் என்ரை கண்ணாலை பார்த்தனான். பின்னாலை நிண்டு கையைக் காட்டினீர்."

"நான் எல்லா மட்சிலும் அப்பிடித்தான். சொல்லேல்லை அக்கா." றெஜினா பெட்டியை மூடினாள். அவளுடைய சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை.

அப்போது கஜானன் கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டியபடி வெளியே வந்தான். "அம்மா, உங்களுக்கு உதைபந்தாட்டம் விளங்காட்டிச் சும்மா இருங்கோ. அவையளுக்குத் தெரிஞ்சிருந்தா முதல் அடியே வலப்பக்கம் வந்திருக்கும். எண்பது நிமிசமா இடப்பக்கம் அடிச்சு எனக்குப் பேர் வாங்கித் தந்தவை. கடைசி அடி அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சது. றெஜினா அன்ரி வாய் திறந்திருந்தா ஆறு கோல்தான்."

பாலேஸ்வரி மகனையும் பார்த்தாள், றெஜினாவையும் பார்த்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "விளைமீன் கிடக்கோ?" என்றாள்.

"கிடக்கு."

றெஜினா மீன் வெட்டும்போது பாலேஸ்வரி பக்கத்தில் குந்தியிருந்தாள். "அடுத்தது ஆரோடை?"

"பருத்தித்துறையோடை."

"அவங்கள் விடமாட்டாங்கள்" என்றாள் பாலேஸ்வரி.

விடவில்லைத்தான். அரை இறுதியில் நீலவலை மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது. றெஜினா கடைசிவரை நின்று கத்திவிட்டு, அடுத்த திங்கட்கிழமை தொண்டை கட்டிய குரலோடு நீர்வேலிக்கு மீன் கொண்டுபோனாள்.