திங்கட்கிழமைத் தாள்

சாம்பல் புதன் கழிந்த திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, பாப்பாரப்பட்டியில் புளி பாக்கெட் போடும் ஒரு ஷெட்டுக்குள் நுழைந்தேன். தர்மபுரியில் எம்.பி.ஏ. இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த நேரம். பெங்களூரில் இருக்கும் சிறிய மேலாண்மை ஆலோசனை நிறுவனம் ஒன்று, களவேலைக்கு மாணவர்கள் சிலரை எடுத்திருந்தது. ஆறு வாரம் பார்ப்பார்கள். அதில் ஒருவருக்கு மட்டும் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் தேர்வு முடிந்த கையோடு கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஜாதகம் பார்க்காத குடும்பம் என்பதால் தள்ளிப்போட அந்தச் சாக்கும் இல்லை.

நேரம் குறிப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பிலிருந்து நாள், கிழமை, மணி போட்டு எழுதி வருகிறேன். கிளை நூலகத்தில் பழைய நாட்குறிப்புகளையும் பயணக் குறிப்புகளையும் தேடிப் படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். நேர்காணலில் அந்த நோட்டுகளைக் காட்டித்தான் இந்த இடமே கிடைத்தது.

ஷெட்டில் இருபத்திரண்டு பெண்கள் நாள்கூலிக்கு இருந்தார்கள். கொட்டையும் நாரும் நீக்கிய புளியை அரைக் கிலோ நிறுத்து, உறையில் அழுத்தி, வாயை ஒட்ட வேண்டும். ஒரு பாக்கெட்டுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று நான் ஸ்டாப்வாட்ச் வைத்து எழுத வேண்டும். அதைக்கொண்டு எத்தனை பேர் போதும் என்று எங்கள் நிறுவனம் முதலாளிக்குச் சொல்லும். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

திங்கட்கிழமை அவர்கள் வழக்கம்போல வேலை செய்தார்கள். பேசினார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்கள். ஒருத்தி கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்; புளி விரல் இடுக்கில் அரிக்கும். மாலையில் சராசரி பார்த்தேன். ஐம்பத்திரண்டு நொடி.

அன்று மதியச் சாப்பாட்டின்போது, என்னோடு இண்டூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். ஞாயிறு பூசையில் பார்த்துப் பழகிய முகம்.

"என்ன பாப்பா, எங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து எழுதற? பொண்ணு பாக்க வந்தியா?"

"நேரம் எழுதறேங்க்கா. இது நல்லா வந்தா எனக்கு வேலை போட்டுக் குடுப்பாங்க."

"அப்ப உன் வேலை எங்க கையிலதான் இருக்குதுன்னு சொல்லு."

எதிரே இருந்தவள், "இந்தக்கா கைய நம்புனா வூட்லதான் உக்காரணும் பாப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் யாரும் பேசவில்லை. பதினொன்று இருபதுக்குத்தான் அதைக் கவனித்தேன். டீ வந்து, தட்டிலேயே ஆறி ஏடு கட்டியது. கை கழுவ யாரும் எழவில்லை. தராசுத் தட்டில் புளி விழுந்த வேகத்திலேயே உறைக்குள் போனது. சராசரி முப்பத்து மூன்று நொடி.

ஐந்தரைக்கு வேலை முடிந்ததும் அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"போதுமா பாப்பா? நாளைக்கும் இப்புடியே ஓட்டணும்னாலும் ஓட்டிருவோம். ஒன் பரீட்ச கெட்டுறக் கூடாது."

போதும் என்றேன். அளவு எடுக்க எனக்குக் கொடுத்ததே இரண்டு நாள்தான்.

ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி இரண்டு தாள்களையும் படம் எடுத்து, பெங்களூரில் என்னைக் கவனித்துக்கொண்ட மேலாளருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"ரெண்டு நாளுக்கும் ஏம்மா இவ்ளோ வித்தியாசம்?"

காரணம் எனக்குத் தெரியும். சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"முதல் நாள் கொஞ்சம் மெதுவா இருந்தாங்க சார்."

"எப்பவும் அப்படித்தான். ஃபர்ஸ்ட் டே வார்ம்-அப். திங்கட்கிழமை டேட்டாவத் தூக்கிடு. செவ்வாய்தான் உண்மையான கெப்பாசிட்டி. நீட்டா எடுத்திருக்க."

"சரிங்க சார்."

பேச்சு நான்கு நிமிடம் என்று போன் காட்டியது. அதை எழுதிக்கொண்டேன். அதற்குமேல் எழுத எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பஸ்ஸில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் தூங்கிவிட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஸ்லைடு தயாரித்தேன். வழக்கமாக ஒரு நாளில் போடும் பாக்கெட்டுகளைச் செவ்வாய்க்கிழமை வேகத்தில் போட எத்தனை பேர் போதும் என்று பார்க்க, இருபத்திரண்டை முப்பத்து மூன்றால் பெருக்கி ஐம்பத்திரண்டால் வகுத்தால் பதினான்குக்கு ஒரு மயிரிழை குறைவாக வரும். பதினான்கு என்று பெரிய எழுத்தில் போட்டேன். நிறம் மட்டும் இரண்டு முறை மாற்றச் சொன்னார்கள்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளியன்று, மாலை நான்கு ஐந்துக்கு, வேலை கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்த அதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். கல்யாணப் பேச்சு நின்றது. நோட்டில் 'மகிழ்ச்சி' என்று எழுதலாமா என்று யோசித்து, மணியை மட்டும் எழுதினேன்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம், புதன்கிழமை, ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். அக்கா ஐந்து ஐம்பதுக்கு வந்தார். இரண்டு மணிக்கட்டிலும் துணி சுற்றியிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் டப்பாவைக் கொடுத்தேன்.

"கெடச்சிருச்சா? நாங்க ஓட்டுன ஓட்டத்துக்குக் கெடைக்காம போவுமா." டப்பாவைத் திறந்து எண்ணினார். "எத்தன பேருக்குக் குடுக்கறது? இப்ப நாங்க பதினாலு பேருதான்."

"எல்லாருக்கும் குடுங்க்கா."

"நின்னவங்க எட்டுப் பேரையும் எங்க போய்த் தேடறது? ரெண்டு பேரு காரிமங்கலம் பக்கம் களையெடுக்கப் போறதாச் சொன்னாங்க." மூடியை அழுத்தி மூடினார். "தெனமும் அதே வேகத்துல ஓட்டணுங்கறாங்க பாப்பா. அன்னிக்கி ஒரு நாளைக்குத்தான ஓட்டுனோம். நீ எழுதுனதுல அப்புடியா இருந்துச்சு?"

"ஆமாங்க்கா."

"மொத நாளு எழுதுனது?"

"அத எடுத்துட்டாங்க."

எடுத்துட்டேன் என்று சொல்லவில்லை. அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"செரி. உனக்கு வேலை கெடச்சிருச்சில்ல."

டப்பாவை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டார். இண்டூரில் இறங்கும்போது ஆறு நாற்பது. வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் தாமதம்.