நூற்று நாற்பத்தாறாவது ஆள்

டிகிரி என்று கப்பலில் எல்லோரும் அவனைக் கூப்பிட ஆரம்பித்ததற்கு அவனேதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில், யாரும் கேட்காமலே, "எங்க வீட்ல முதல் பட்டதாரி நான்தான்" என்று சொல்லிவிட்டான். எதிரில் இருந்தவர்கள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

விசிலக்காவை அவன் சந்தித்தது மறுநாள், கப்பலின் அடித்தளத்தில், சலவை அறையின் சன்னலில். துணிப்பையையும் சீட்டையும் நீட்டினான். சீட்டில் 'சட்டை மூன்று' என்று முத்து முத்தாக எழுதியிருந்தான். அவள் சீட்டைப் பார்த்தாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"மூணுன்னு எழுதியிருக்கு தம்பி. ரெண்டுதான் இருக்கு."

"எண்ணித்தாங்க எழுதினேன்."

அவள் வாதாடவில்லை. ஒரு சட்டையை மேசையில் பரப்பினாள். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிக் காட்டினாள். அவன் ஏழு மாடி ஏறிப்போய்ப் பார்த்தான். மூன்றாவது சட்டை கேபின் கதவுக்குப் பின்னால் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தவனிடம், "எழுத்து நல்லா இருக்குப்பா" என்றாள். அந்தப் பாராட்டு மூன்று நாள் அவனைத் தூங்கவிடவில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயதிருக்கும். ஆறு வருடமாகக் கப்பலில் துணி வெளுக்கிறாள். தினமும் மூவாயிரம் துண்டு, எண்ணூறு விரிப்பு, சமையற்கூடத்து மேலங்கிகள், நீச்சல்குளத்து அங்கிகள். சன்னல் என்று பேருக்கு ஒன்று உண்டு. அது துணி வாங்கும் சன்னல், வெளியே கடல் தெரியாது. வீட்டில் கணவர் தச்சுவேலை பார்க்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. "துவைக்கிறதுக்கா கடல் தாண்டிப் போற? இங்க தண்ணி இல்லையா?" என்று முதல் தடவை கிளம்பும்போது அண்ணன் கேட்டாராம். "இங்க துவைச்சா யாருண்ணே சம்பளம் குடுப்பா, நீயா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினாளாம்.

பயணிகள் அவளைப் பார்ப்பது ஒரு பயணத்துக்கு ஒரே தடவை. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகையில். ஆபத்து வந்தால் எந்தப் பயணி எங்கே வந்து கூட வேண்டும் என்பதற்குக் கப்பலில் பன்னிரண்டு கூடுமிடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். சமையல்காரர், பியானோ வாசிப்பவர், முடிதிருத்துபவர் என்று யார் வேண்டுமானாலும் அந்தத் தலைவராக இருக்கலாம். ஏழாம் கூடுமிடத்துக்கு அவள். கழுத்தில் நீலக் கயிற்றில் ஒரு விசில். அதனால்தான் அந்தப் பெயர்.

அவளுக்கு உதவியாளாக, பயணிகளின் அடையாள அட்டையைக் கருவியில் தட்டிப் பச்சை விளக்கு வாங்கும் வேலைக்கு, வரவேற்பு மேசையிலிருந்து டிகிரியைப் போட்டார்கள். சட்டை விஷயம் மனதில் இருந்ததால் அவன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் போனான். போன இடத்தில் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டான்.

மற்ற கூடுமிடங்களில் தலைவர்கள் காகிதத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் முதலில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். "கிளாஸை எல்லாம் இதுல வைங்க. கையில கிளாஸ் இருந்தா நான் சொல்றது காதுல ஏறாது. முடிச்சதும் உங்க கிளாஸ் உங்களுக்கே." பிறகு, அதிகம் சிரித்துக்கொண்டிருந்த ஆளைக் கைகாட்டி அழைத்து, லைஃப் ஜாக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள். தான் போட்டுக் காட்டவில்லை. அவர் வாரைக் கழுத்தில் மாட்டி, கை நுழைக்கும் இடத்தில் தலையை நுழைத்து, சிக்கிக்கொண்டு நின்றார். கூட்டம் சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. இப்ப வெளிச்சம் இருக்கு, தரை ஆடல. இவருக்கே இவ்வளவு நேரம் ஆச்சு. இப்ப எல்லாரும் போடுங்க. பக்கத்து ஆளுக்கு மாட்டலன்னா நீங்க மாட்டிவிடுங்க."

கடைசியில் எண்ணிக்கை. துண்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது போல ஆட்களைப் பத்துப் பத்தாக நிறுத்துவாள். முன்னால் நிற்பவர் தோளில் கையை வைக்கச் சொல்வாள். வரிசைக்கு நடுவே நடந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பாள். கருவி பச்சை காட்டி ஐந்து நிமிடம் ஆன பிறகும் இவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, மெஷினே எல்லாரையும் எண்ணிடுச்சு" என்றான் டிகிரி, முதல் ஒத்திகையில்.

"அது அட்டையை எண்ணுது. நான் ஆளை எண்ணுறேன். அதுபாட்டுக்கு அது, நம்மபாட்டுக்கு நாம."

ஆனால் இந்த எண்ணிக்கைதான் அவளை ஒரு தடவை கவிழ்த்துவிட்டிருந்தது. டிகிரி சேர்வதற்கு முன்பு, ஒருநாள் ஒரு ஆள் குறைகிறது என்று கப்பலை இருபது நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால், ஒரு அப்பாவின் மார்போடு துணியில் கட்டிய கைக்குழந்தை, ஜாக்கெட்டுக்கு அடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்ததாம். விருந்தினர் மேலாளர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்: இன்னொரு முறை அவள் எண்ணிக்கையால் தாமதம் ஆனால், விசில் வேறு ஆளுக்கு. அதிலிருந்து சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது கோழிமுட்டையைக் கையில் எடுத்தால், "விசிலக்காகிட்ட காட்டு, உள்ள ஒண்ணு தூங்குதான்னு பார்ப்பாங்க" என்று கிண்டல்.

அவள் சிரித்துவிடுவாள். ஆனால் அந்த விசில் அவளுக்கு விளையாட்டு இல்லை. கப்பலின் இரண்டாம் அதிகாரி, பாதுகாப்புக் குழுவுக்கு அவள் பெயரை எழுதி அனுப்பியிருந்தார். ஒரு வருடம் கூடுமிடத் தலைவராக இருந்தவர்கள்தான் தேர்வு எழுதலாம். இன்னும் ஐந்து வாரம் பாக்கி. தேறினால் சலவை அறையிலிருந்து மேலே வந்துவிடலாம். கடல் தெரியும் இடத்தில் வேலை. மகளிடம் சொல்லியும் விட்டாள். "அம்மா ஆபீசரா?" என்று மகள் கேட்டதை டிகிரியிடம் சொன்னபோது, கையில் இருந்த துண்டை இரண்டு தடவை மடித்தாள்.

அந்த நாள் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

கப்பல் கிளம்பும் நேரம் மாலை ஐந்து. ஒத்திகை நாலு மணிக்கு. போன இரண்டு பயணங்களிலும் அட்டை தட்டி முடித்ததில் ஏழாம் கூடுமிடம்தான் முதல் என்று மேலாளர் டிகிரியின் முதுகில் தட்டியிருந்தார். அந்தத் தட்டு அவன் கைக்கு இறக்கை கட்டிவிட்டிருந்தது. படிக்கட்டின் வாயில் நின்றுகொண்டு, வருகிறவர்கள் அட்டையை வாங்கி, தட்டி, பச்சை, அடுத்து என்று பறந்தான். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இரண்டு அட்டையை நீட்டினார்.

"அவங்க பின்னாடி வந்துட்டிருக்காங்க தம்பி."

அவருக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். டிகிரி இரண்டையும் தட்டினான். பச்சை, பச்சை.

கருவியில் நூற்று நாற்பத்தாறுக்கு நூற்று நாற்பத்தாறு விழுந்தது. விசிலக்கா எண்ணி முடித்தாள். நின்றாள். மறுபடி முதல் வரிசைக்குப் போனாள். இந்த முறை இரண்டு கைக்குழந்தைகளையும் துணியை விலக்கிப் பார்த்து, கன்னத்தைத் தொட்டு எண்ணினாள்.

"நூத்தி நாப்பத்தஞ்சு" என்றாள், டிகிரிக்கு மட்டும் கேட்கும்படி.

மற்ற பதினொரு இடங்களிலிருந்தும் 'எல்லோரும் வந்தாச்சு' என்று வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். மேலாளர் படி இறங்கி வந்தார். கருவியை வாங்கிப் பார்த்தார்.

"முழுசா இருக்கே. ஏன் இன்னும் சொல்லல?"

"ஒரு ஆள் குறையுது சார்."

"யாரு?"

"தெரியல சார்."

"மெஷின்ல யாரும் குறையல. பேர் இல்லாத ஆளை நான் எங்க போய்த் தேடுறது? மறுபடியும் குழந்தையா பாருங்க."

"பார்த்துட்டேன் சார். ரெண்டையும் எண்ணிட்டேன்."

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"சொல்லாது சார். நாம குடுத்ததைத் திருப்பிச் சொல்லும்."

அவள் குரலில் ஏற்றமில்லை. துணிச் சீட்டைப் பற்றிப் பேசுகிற அதே குரல். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "உங்களால சொல்ல முடியலன்னா விசிலைக் குடுங்க. பார்ல இருக்கிற சூப்பர்வைசர் வந்து சொல்லட்டும்" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் கிளாஸைக் கேட்டார். விசிலக்கா ஒரு நொடி கடல் பக்கம் பார்த்தாள். பிறகு நீலக் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றினாள். "குடுத்துடுறேன் சார். ஆனா இல்லாத ஆளை இருக்காங்கன்னு சொல்ல என் வாயில வராது."

டிகிரியின் கண் வரிசைகளில் வைக்கோல் தொப்பியைத் தேடியது. இரண்டு அட்டை, ஒரு கை. அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று சொன்னால் அது பொய். அவள் முதல் தடவை நின்றபோதே உறைத்துவிட்டது. அவன் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருக்கிறான். அட்டையை அவரவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஊரில் அப்பா அவனுடைய கப்பல் படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வைத்திருக்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பார் சூப்பர்வைசர் வருவார், கப்பல் கிளம்பும், யாருக்கும் தெரியாது. கயிறு அவள் கையிலிருந்து மேலாளர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சார், நான் ஒருத்தர் கையில இருந்து ரெண்டு அட்டை தட்டினேன்" என்றான்.

மேலாளர் அவனைப் பார்த்த பார்வையை அவன் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. விசிலக்கா மட்டும், "யார்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டாள்.

வைக்கோல் தொப்பி நான்காவது வரிசையில் இருந்தது. அவள் அவரைக் கூட்டத்துக்கு நடுவே கேட்கவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய், "ஐயா, அம்மா எங்க?" என்றாள். "தூங்குறாங்க. நான் சொல்லிக்குடுத்துடுவேன்" என்றார் பெரியவர், தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டியபடி.

மூன்று மாடி கீழே, கேபின் கதவைத் தட்டியபோது, உள்ளே யாரும் தூங்கவில்லை. அந்த அம்மா காலணி போட்டு, கைப்பையை மடியில் வைத்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகைக்கு லிப்ட்டை நிறுத்திவிடுவார்கள். படிக்கட்டு வரை வந்து, அண்ணாந்து பார்த்து, திரும்பிவிட்டிருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருடம் ஆகிறதாம். சமதரையில் நடந்துவிடுவார். படி ஏற முடியாது.

"சொன்னா ஏத்த மாட்டாங்கன்னு இவர்தான் சொல்லவேண்டாம்னார்" என்றார். "கல்யாணமாகி நாப்பது வருஷத்துல முதல் பயணம். எங்களை இறக்கி விட்டுருவீங்களா?"

"இறக்க மாட்டோம்மா. தூக்கிட்டுப் போவோம்" என்றாள் விசிலக்கா. "ஆனா தூக்கணும்னு எங்களுக்கு இப்ப தெரிஞ்சிருக்கணும். நிஜமா மணி அடிக்கிறப்ப ஐயா மேல நிப்பார், நீங்க கீழ இருப்பீங்க. யாரும் உங்களைத் தேடி வரமாட்டோம். ஏன்னா எங்க கணக்குல நீங்க வந்துட்டீங்க."

பெரியவர் கதவோரம் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை. "கேட்டுச்சா?" என்று மட்டும் சொன்னார்.

விசிலக்கா வயர்லெஸ்ஸில் பேசினாள். சலவை அறையிலிருந்து இரண்டு பேர் தூக்குநாற்காலியோடு வந்தார்கள். ஈரமான விரிப்பு மூட்டைகளைத் தூக்கிப் பழகியவர்கள். அவள் அந்த அம்மாவுக்கு ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்து, அதில் தொங்கிய சின்ன ஊதலை ஊதிப் பார்க்கச் சொன்னாள். வெறும் காற்றுதான் வந்தது. "இன்னும் கொஞ்சம் கோபமா ஊதுங்கம்மா. ஐயாவை நினைச்சுக்கோங்க." அடுத்த ஊதல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

மூன்று மாடி ஏற நாலரை நிமிடம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். நாற்காலி மேலே வந்தபோது, முணுமுணுத்தவர்கள் யாரும் சொல்லாமலே வழி விட்டார்கள். மேலாளர் இன்னும் நீலக் கயிற்றைக் கையில்தான் வைத்திருந்தார். அதை நீட்டினார். அவள் மாட்டிக்கொண்டு, வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாள்.

"ஏழாம் இடம். நூத்தி நாப்பத்தாறு. படி ஏற முடியாதவங்க ஒருத்தர். தூக்க ரெண்டு ஆள் போட்டாச்சு."

கப்பல் ஐந்து மணி இருபத்தாறுக்குக் கிளம்பியது.

மறுநாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டார்கள். டிகிரி இரண்டு பக்கம் எழுதினான். பட்டம் வாங்கின பிறகு அவன் எழுதிய உருப்படியான முதல் எழுத்து அது. தன் தவற்றை முதல் வரியிலேயே வைத்தான். விசிலக்கா படித்துப் பார்த்து, "எழுத்து நல்லா இருக்குப்பா" என்றாள். இந்தத் தடவை சுடவில்லை.

தண்டனையாக அவனை வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து மூன்று மாதம் சலவை அறை சன்னலில் போட்டார்கள். பை வாங்கி, கவிழ்த்து, எண்ணும் வேலை. அந்தக் கப்பலில் அதற்குப் பிறகு அட்டையை அவரவர் கையிலிருந்துதான் தட்டுகிறார்கள், தலையும் எண்ணுகிறார்கள். ஏறும்போதே, "படி ஏற முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியாது என்று சொன்னவர்கள் யாரையும் இறக்கிவிட்டதில்லை.

அந்த ஒரு வருடம் முடிந்ததும் விசிலக்கா தேர்வு எழுதினாள். தேறவில்லை. கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தில் தீத்தடுப்புக் கதவுகளை இடம் மாற்றிக் குறித்துவிட்டாள். "நான் இருந்தது எல்லாம் அடித்தளம், மேல எந்தக் கதவு எங்க இருக்குன்னு யாரு கண்டா" என்று சிரித்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் ஓய்வு நேரமெல்லாம் கதவு கதவாக நடந்தாள். இரண்டாம் தடவை தேறினாள்.

இப்போது அவள் வேறொரு கப்பலில் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறாள். கூடுமிடத் தலைவர்களுக்கு ஒத்திகை நடத்தப் பழக்குவது அவள் வேலை. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். விசிலக்காவின் கேபினில் ஒரு வட்டச் சன்னல் இருக்கிறது.