சாட்சிக் கூட்டில் மீனாம்பிகை

சண்டிலிப்பாயில் மீனாம்பிகையின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. அடுத்த வளவுக்காரன் எனக்கும் பயம்தான். "நீ ஆருடைய பெண்சாதி?" என்று எவளாவது இளித்துக்கொண்டு கேட்டால் கிணற்றடி அதிரும். "சனத்துக்கு முன்னாலை சோறு குடுத்துக் கலியாணம் முடிச்சவளடி நான்!" என்பாள். நெற்றியில் காசளவு குங்குமம் எப்போதும் இருக்கும்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பக்கத்து ஏழைச் சனத்துக்குத் தாலியும் மேளமும் இல்லாமலே கலியாணம் நடக்கும். இனசனத்தின் முன்னால் பெண் சோறு போட்டுக் கொடுப்பாள், மாப்பிள்ளை சாப்பிடுவான், அவ்வளவுதான். கதிரவேலுவும் அப்படிச் சாப்பிட்டவன்தான். மகள் குணலட்சுமி பிறந்த கையோடு அவனுக்கு மலாயா ஆசை பிடித்தது. மீனாம்பிகை பெண்சாதிக்குரிய செலவுப் பணம் கேட்டு மல்லாகம் நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், வழக்கு வைத்தாள். அந்த வெட்கங்கெட்டவன் சத்தியம் பண்ணிச் சொன்னான்: "பிள்ளை என்ரைதான் ஐயா. ஆனால் இவள் என்ரை பெண்சாதி இல்லை. தாலி கட்டினனானோ, பதிவுக் கந்தோரிலை எழுத்து எழுதினனானோ?" அந்தச் சோற்றை உண்டவர்கள் சாட்சி சொல்லியும் கோடு அவனையே நம்பியது. அவன் கப்பலேறிவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு, மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, திரும்பி வந்தான், வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியுமாக. அங்கே வேறு பிள்ளைகுட்டி இல்லையாம். குணலட்சுமியை மலாயாவுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்! மீனாம்பிகை விளக்குமாற்றோடு துரத்தினாள். அவன் யாழ்ப்பாணம் பெரிய கோட்டுக்குப் போனான். அங்கே என்ன சொன்னான் தெரியுமா? மீனாம்பிகை தன் முறையான பெண்சாதி என்றான்!

ஊருக்குத் தலை சுற்றியது. மீனாம்பிகைக்காக வழக்காடிய வக்கீல், பிறக்கிராசியார் செபநாயகம்தான் விளங்கப்படுத்தினார்.

"கலியாணம் நடந்தது எண்டால் பிள்ளைக்குத் தகப்பன்தான் காவலன், கொண்டுபோவான். நடக்கேல்லை எண்டால் உரிமை முழுக்கத் தாய்க்குத்தான். யோசிச்சுச் சொல்லும், பிள்ளை."

மீனாம்பிகை நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை காலம் ஊரோடு மல்லுக்கட்டியவள் ஆயிற்றே, வீம்புக்கு "ஓம், முடிச்சனான்" என்று சொல்லிவிட்டால்?

வழக்கு நாளில் என் மாட்டு வண்டிலில் தாயும் மகளும் வந்தார்கள். பின்னால் ஊரே நடந்து வந்தது.

முதலில் கதிரவேலு கூட்டில் ஏறினான். கலியாணச் சோற்றுக்கு என்ன கறி என்பது வரைக்கும் சொன்னான். "கத்தரிக்காய்ப் பால்கறி ஐயா, முருங்கைக்காய்க் குழம்பு..." மல்லாகத்தில் மறந்துபோன கறியெல்லாம் இப்போது மணக்க மணக்க நினைவுக்கு வந்தது! சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சேவகன் அதட்டினான்.

அடுத்து அவள். படியில் ஒரு கணம் நின்றாள். முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"நீர் இந்த மனிசனைக் கலியாணம் முடிச்சனீரோ?" என்று அவனுடைய வக்கீல், கொழுத்த காசு வாங்கும் அப்புக்காத்து, கேட்டார்.

"முடிச்சனான் எண்டு முந்திச் சொன்னனான் ஐயா. இவர் சத்தியம் பண்ணி இல்லை எண்டார். கோடும் இவரைத்தான் நம்பினது." குரல் ஓங்கியது. "கோடு சொன்னதை இப்ப நானும் ஏத்துக்கொள்ளுறன். நான் ஒருத்தற்றையும் பெண்சாதியில்லை. பிள்ளை என்ரை!"

நீதவான் மல்லாகத்துப் பழைய தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கதிரவேலுவைப் பார்த்தார். அன்று சத்தியம் பண்ணி மறுத்த கலியாணத்தை இன்று பிள்ளைக்காக உண்டாக்க முடியாது, பிள்ளை தாயோடுதான் என்று தீர்த்துவிட்டார். ஆகா, எழும்பிய கூச்சலைக் கேட்கவேண்டும்! நான் சால்வையைக் கழற்றி மேலே எறிந்தேன். அது அந்த அப்புக்காத்தின் தலையிலே போய் விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் ஆர்ப்பாட்டம்தான். வண்டிலில் குணலட்சுமி தாயின் மடியில் ஏறி, அவள் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, உங்கடை பொட்டு எங்கை?"

மீனாம்பிகை பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அதைக் குடுத்துத்தான் மோனை உன்னை வாங்கினனான்."