மிலேத்தஸ் நகர் வீழ்ந்த நாடகம்

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கிங்ஸ்பரியில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. நாடகம் எழுதும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில் விழுந்தது. பள்ளிச் செயலாளர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்.

"ஊர்ப் பிரச்சினை மட்டும் வேண்டாம் அண்ணை. சனம் ஏற்கெனவே நொந்துபோய்க் கிடக்குது."

பெட்ரோல் ஷெட்டில் காசு வாங்கும் டில்லுக்குப் பின்னால் நின்றபடி சரித்திரப் புத்தகம் படிக்கிறவன் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் கூடுதல். கிரேக்கரும் பாரசீகரும் மோதிய கதையை எடுப்போம், இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துப் பழசு, யாருக்கு நோகப்போகிறது என்று நினைத்தேன். பாரசீக மன்னனை எதிர்த்துக் கிளம்பிய கிரேக்க நகரம் மிலேத்தஸ். அவன் படைகள் கடலாலும் தரையாலும் வளைத்து அதை அழித்தன. அந்தச் செய்தியை ஏதென்ஸுக்குக் கொண்டுவரும் தூதுவன் வேஷத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

கடலாலும் தரையாலும் வளைக்கப்பட்ட நகரம் என்று எழுதும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் மனைவியின் தம்பி அப்போது வன்னியில், கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். மாசியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அவள் அர்ச்சனை செய்வாள். அவனைப் பற்றி அபசகுனமாக ஒரு சொல் எங்கள் வீட்டில் எவர் வாயிலும் வரக்கூடாது.

விழாவன்று நான் மூச்சிரைக்க மேடைக்கு ஓடிவந்து, "ஒருவரும் மிஞ்சவில்லை! மிலேத்தஸில் அழுவதற்குக்கூட ஆளில்லை!" என்று கத்தினேன்.

ஒத்திகையில் இந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். அன்று பின்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பிறகு ஹால் முழுக்க அழுகை, ஆண்கள் உட்பட. செயலாளர் திரையை இழுத்து மூடச் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாடகம் பிடித்துவிட்டது என்று ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் காலத்து ஏதென்ஸிலும் இதே கதையை மேடையேற்றிச் சனத்தை அழவைத்தவனுக்கு அபராதம் போட்டார்களாம். அதையும் வாசித்திருந்தேன். வாசித்தும் புத்தி வரவில்லை.

முன்வரிசையில் இருந்த என் மனைவி மட்டும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள்.

"நீங்கள்தானே எழுதினது. ஒருத்தனையாவது விட்டிருக்கலாமே?"

உண்மையில் சரித்திரம் என்னைவிட இரக்கமானது. மிலேத்தஸின் ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஆனால் பிடிபட்டவர்களை மன்னன் மேலும் வதைக்காமல், தொலைதூரத்தில் ஓர் ஆற்றங்கரையில் குடியமர்த்தினான். காட்சி சப்பென்று முடிந்துவிடும் என்று அதை வெட்டியவன் நான்தான். அதை அவளிடம் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அப்ப ஆக்கள் உயிரோட இருந்தவை?"

"ஓம், இருந்தவை."

"அங்கயிருந்து சொந்தக்காரருக்குத் தகவல் அனுப்பினவையோ?"

அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

"அனுப்பினவை" என்றேன்.

அவள் நம்பினாள். தம்பியிடமிருந்து இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அவள் இன்னும் நம்புகிறாள்.